யாரினி

வவுனியாவிலிருந்து கணக்காய்வுக்கு வந்த மூன்றாம் நாள்
நாலரைக்கே கோப்புகளை மூடினேன்.
தலையிடி என்று சொன்னேன்.
பொய்க்கும் ஒரு செலவுத் தலைப்பு வேண்டுமே.

பம்பலப்பிட்டியில், தையல் கடைக்கும்
போன் திருத்துகிற கடைக்கும் நடுவில்
படியிறங்கினால் ஒரு நிலக்கீழ் அறை.
கண்ணாடிக்குப் பின்னால் வாளேந்திய சிறுமிகள்
ஒரு சாண் உயரத்தில் நின்று
உலகத்தைக் காக்கிறார்கள்.
காற்றே இல்லாத பெட்டிக்குள்
கூந்தல் மட்டும் பறக்கிறது.

"சைனா சாமான் இல்ல சிஸ்டர், ஒரிஜினல்"
என்கிறான் ஃபர்ஸான்.
பெட்டி பிரிக்காதது முப்பத்தெட்டாயிரம்,
பிரித்தது இருபத்தொன்று.
திறந்து பார்த்த சந்தோஷத்துக்குத்
தேய்மானம் பதினேழாயிரம்.
கேட்காமலே கழித்துவிடுகிறது என் மண்டை.

பதினைந்து வருடமாக எனக்கு இவர்களைத் தெரியும்.
அலுவலகத்தில் ஒருவருக்கும் அது தெரியாது.
இரவில் போர்வைக்குள் போன் வெளிச்சத்தில்
அடியில் ஓடும் எழுத்துகளை வாசித்து வாசித்து அழுவேன்.
காலையில் போய்
யாருடையதோ ஐந்தொகையைச் சரிபார்ப்பேன்.

மூலையில், உருண்டைக்குள் பொம்மை தரும் இயந்திரம்.
ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு வில்லை.
நான் கேட்டது தூங்கும் பூனை.
முதல் திருகில் விழுந்தது மின்சாரச் சோற்றடுப்பு,
பெருவிரல் நகத்தளவு, மூடி திறக்கும்.
இரண்டாம் திருகிலும் சோற்றடுப்பு.
மூன்றாவதை ஃபர்ஸானே பிஸ்மி சொல்லித் திருகினான்.
அதுவும் சோறு.
"உங்களுக்குக் குசினிய விட்டுத் தப்ப ஏலாது போல, சிஸ்டர்."

மரைன் டிரைவில், இரண்டாம் மாடி.
மேசையோரம் தண்டவாளம்.
முழங்கை நீள அதிவேக ரயிலில் வருகிறது
நாலு பிடி சோறு, மேலே பச்சை மீன்.
என் கோப்பைக்கு நேரே நின்று மணியடிக்கிறது.
யன்னலுக்கு வெளியே கடலை உரசிக்கொண்டு
அளுத்கம ரயில், கதவெல்லாம் மனிதர் தொங்கப்
பதினெட்டு நிமிடம் பிந்திப் போகிறது.
அது போகையில்
இது தண்டவாளத்தில் நடுங்கியது.

எத்தனை தொடரில் பார்த்திருப்பேன்
அந்தப் பச்சை விழுதை.
இருந்தும் கை
சம்பல் அள்ளுகிற கணக்கில் அள்ளிவிட்டது.

பூனைக்காது வைத்த பெண் தண்ணீரோடு ஓடி வந்தாள்.
பியூமி, மாத்தறைக்காரி.
தூங்காத பூனை.
பெயர் சொன்னால் அந்த எழுத்தில் எழுதித் தருவாளாம்,
சாப்பாட்டு விலைக்குள் அதுவும் அடக்கம்.

யாழினி, என்றேன்.
பேனை நின்றது.
அந்த மொழியில் ழ இல்லை. ல-வும் இல்லை.
அடையாள அட்டையின் சிங்களத்தில் நான் யாலினி.
அம்மாவுக்கு நான் பிறந்த நாள் தொட்டு யாளினி.
ழகரத்தோடு என்னைக் கூப்பிட்டது
பள்ளிக்கூட இடாப்பு ஒன்றுதான்.
உதட்டைக் கடித்து, மூன்று எழுத்து எழுதி
உரக்க வாசித்தாள்:
யாரினி.

யார், இனி?

நான் சிரிக்கப் பயந்துபோனாள்.
"பிழையா, அக்கே?"
இல்லை நங்கி. கேள்விதான் கொஞ்சம் பெரிது.

மார்கழியில் அவளுக்குப் பரீட்சை.
தேறினால் நாகோயாவில் முதியோர் இல்லம்.
குளிப்பாட்டவும் கரண்டியால் ஊட்டவும் வேண்டிய சொற்களை
இந்தக் காதுகளோடு பழகுகிறாள்:
வலிக்கிறதா. மெதுவாக. நான் இங்கேதான் இருக்கிறேன்.
எனக்கும் தெரிந்த சொற்கள்.
போர்க்களத்தில் நண்பன் மடியில் சாகிற காட்சிகளில்
கேட்டுக் கேட்டுப் படித்தவை.

பற்றுச்சீட்டில் ஒரு தேநீர் விடுபட்டிருந்தது.
சொல்லிக் கட்டினேன். தொழில்.
ஒரு சோற்றடுப்பை அவள் தட்டத்தில் வைத்தேன்,
நாகோயாவுக்கு.
மிச்சம் இரண்டும் லொட்ஜ் வரை
கைப்பைக்குள் கடகடவென்று
தமக்குள் ஏதோ பேசிக்கொண்டே வந்தன.

காலையில் பிரயாணச் செலவுப் படிவம்.
இராச் சாப்பாடு: கோரப்படவில்லை.
பெயர்: ழ-வின் வாலைக்
கட்டத்துக்கு வெளியே போக விட்டேன்.
தலையிடி எப்படி என்றார் மேலதிகாரி.
மூக்கு வழியாகப் போய்விட்டது, சேர்.