ஆயுள் முழுதும் என்ற கட்டம்

மொண்டேவிடியோவில் ஆகஸ்ட் காற்று
ஆற்றை அள்ளி ஜன்னலில் எறியும்.
கடல் என்ன இப்படிக் கொந்தளிக்கிறது
என்று கேட்டபடி உள்ளே வந்தார்கள்.
ஆறு என்றேன். எதிர்க்கரை தெரியாத ஆறு.
குறித்துக்கொண்டார் ஓட்வார் ஹெஸ்ட்னெஸ்.
நார்வேக்காரர். எதையும் குறித்துக்கொள்வார்.

பிறப்புச் சான்று, திருமணச் சான்று,
குற்றம் ஏதும் செய்யவில்லை என்று
போலீஸ் கொடுத்த தாள்,
தாளுக்கு முத்திரை, முத்திரைக்கு மொழிபெயர்ப்பு,
மொழிபெயர்ப்புக்கு இன்னொரு முத்திரை.
எழுபத்தெட்டு வருஷ ஒழுக்கம்
ஒரு துணிப்பையில் வந்திருந்தது.
மனைவி மாரித் அதை மடியில் வைத்திருந்தாள்,
சந்தையிலிருந்து மீனோடு திரும்பியவள் போல.

என் பெயர் நேலிடா.
கணக்கர் அலுவலகத்தில் மூன்றாவது மேசை,
வெளிநாட்டார் பிரிவு.
குடியேற வருகிறவர்களிடம் நான் கேட்பவை எளியவை:
ஆண்டில் நூற்று எண்பத்து மூன்று நாள் இங்கே இருப்பீர்களா?
மீதி நாள்களை எங்கே வைப்பீர்கள்?
உங்கள் வாழ்வின் மையம் எது?
கடைசிக் கேள்வி சட்டத்திலேயே இருக்கிறது,
நான் சேர்த்ததில்லை.
ஒருவர் வங்கியைச் சொன்னார். ஒருவர் படகை.
ஒரு பெல்ஜியக்காரி எழுந்து போய்
முகம் கழுவிக்கொண்டு வந்து
முன்னாள் கணவனின் முகவரியைச் சொன்னாள்.

பிறகு அந்தத் தாள்.
அந்த ஆண்டுச் சட்டம் இரண்டு கட்டம் வைத்திருந்தது.
வெளிநாட்டு வட்டிக்கும் ஈவுத்தொகைக்கும்
பதினோரு ஆண்டு எதுவும் கட்ட வேண்டாம், அப்புறம் முழு வரி;
இல்லையென்றால்
இன்றிலிருந்தே ஏழு விழுக்காடு, ஆயுள் முழுதும்.

நாற்பது வயதுக்காரர்கள் இந்த இடத்தில்
கால்குலேட்டரை எடுப்பார்கள்.
கணக்கர் ஒராசியோ சிரித்துக்கொண்டே பேனாவை நீட்டினார்:
முதல் கட்டம்தான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது,
உங்கள் வயதில் பதினோரு வருஷம் என்பது

என்று தொடங்கி
வாக்கியத்தை நடுத்தெருவில் விட்டுவிட்டார்.

எழுபத்தெட்டையும் பதினொன்றையும் கூட்ட
அறையில் யாருக்கும் கருவி தேவைப்படவில்லை.

மாரித் கேட்டாள்:
முதல் கட்டத்தில் குறியிட்டால்
அதற்கு மேல் இவர் இருக்கமாட்டார் என்று
நானே அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்ததாகாதா?

அப்படியெல்லாம் இல்லை, இது வெறும் வரி என்றேன்.
அவள் அந்த வரியை
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள்.

ஓட்வார் லாபநட்டம் அறிந்தவர்.
மீன் தீவனம் விற்றுச் சேர்த்த காசு.
பதினொன்றே பேராசை, மாரித், என்றார்.
அவள் பேனாவைப் பிடுங்கி
இரண்டாவது கட்டத்தில் குறியிட்டாள்,
தாள் கிழிகிற அழுத்தத்தில்.
கையெழுத்து மட்டும் அவர் போட்டார்,
ஜாமீன் கிடைத்தவர் போல.

மதியச் சாப்பாட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
அந்த ஒரு குறி
ஆண்டுதோறும் என் ஆறு மாதச் சம்பளம்.
எனக்குப் பிடித்தம் சம்பளத்திலேயே போய்விடும்,
கட்டம் எதுவும் காட்டமாட்டார்கள்.
அவர்கள் வீடு பிடித்த தெருவில்தான்
போன மார்ச் வரை நானும் இருந்தேன்.
வாடகை டாலரில் பேச ஆரம்பித்தது.
இப்போது லாஸ் பியெத்ராஸ், ஒரு மணி நேர பஸ்,
பெரும்பாலும் நின்றபடி.
கோபம் இருந்தது. இருக்கிறது.

தாளை ஸ்கேன் செய்யும்போது
கிழிந்த இடத்தை விரலால் நீவிவிட்டேன்,
இயந்திரத்தில் சிக்கிவிடக் கூடாதே என்றுதான்.

மூன்று ஆகஸ்ட் போய்விட்டது.
இந்த வருஷமும் பணம் வந்தது,
ரசீதைக் கோப்பில் சேர்த்தேன்.
எண்பத்தொன்று.