சொத்து விவரம்

விடியற்காலை ஆறு வரை
நான் எழுதுகிறவள்.
ஆறு ஐந்துக்குக் குக்கர் விசில்.
பத்தரைக்குக் கறுப்புக் கவுன்,
கழுத்தில் கஞ்சி போட்ட வெள்ளைப் பட்டை.
மன்னார்குடி உரிமையியல் நீதிமன்றத்தில்
என் பெயர் வாதி தரப்பு.

கவிதைக்குள் 'மேற்படி' வந்து விழுகிறது.
மேற்படி நிலவு. மேற்படி மழை.
அடித்துவிட்டு நிமிர்ந்தால்
பிராதின் மூன்றாம் பத்தியில்
வாய்க்காலில் ஓடுவது
'தூக்கம் கலையாத தண்ணீர்' என்றிருக்கிறது.
எதிர்த்தரப்பு வைரவசுந்தரம்
அதை நிறுத்தி நிறுத்திப் படித்தார்.
தண்ணீர் தூங்கியதற்குச் சாட்சி உண்டா, கற்ற நண்பரே?
கோர்ட்டே சிரித்தது.
நீதிபதி மட்டும் காலண்டரைப் பார்த்தார்:
அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி.

புத்தகம் போட யாரும் வரவில்லை.
நானே போட்டேன்.
ஒரு பாகப்பிரிவினையின் ஃபீஸ் அட்டைக்கு,
இரண்டு ஜாமீன் மனு தாளுக்கு,
பைண்டிங் பாக்கியைத்
திரும்பி வந்த செக் ஒன்று
இன்னும் தராமல் இருக்கிறது.
கும்பகோணத்தில் அச்சாகி
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
முக்கால் மணி நேரம் வெயில் காய்ந்து
வந்து சேர்ந்தன முந்நூறு பிரதிகள்.
பீரோவில் இடமில்லை.
தீர்ப்பான கட்டுகளை மேலே ஏற்றி
தீராத கட்டுகளை ஓரம் தள்ளி
நடுவில் அடுக்கினோம்.

நாற்பத்தேழாம் பக்கம் திறந்தேன்.
என் கவிதை இல்லை.

*வடக்கே உருத்திராபதி நஞ்சை,
தெற்கே பாசன வாய்க்கால்,
கிழக்கே அஞ்சலை வகையறா பங்கு,
மேற்கே ஆற்றுக்கரைப் புறம்போக்கு.
இதற்குட்பட்ட முப்பத்தெட்டு செண்டும்
அதில் நிற்கும் வேப்பமரம் ஒன்றும்
நடக்கும் பாத்தியமும்
நீர் பாய்ச்சும் பாத்தியமும் உள்பட.*

அப்படியானால் கவிதை?
தடையுத்தரவு மனுவின் ஏழாம் பக்கத்தில்,
கீழே என் கையெழுத்தோடு.
பார்க்காமல் போட்டிருக்கிறேன்.
அன்று மாலையே மனு திரும்பியது.
'பக்கம் 7: தொடர்பு விளங்கவில்லை.
விளக்கி, பதினைந்து நாளில் மறுதாக்கல் செய்க.'
அந்தக் கவிதைக்கு இதுவரை வந்த
ஒரே விமரிசனம்.

தட்டச்சு செய்த ஹபீபா
கூத்தாநல்லூர் பஸ்ஸை விட்டுவிட்டு
நின்றுகொண்டிருந்தாள்.
"ரெண்டும் மடிச்சு மடிச்சுதானக்கா எழுதியிருந்துச்சு."
எனக்குப் பதில் இல்லை.

பிழைதிருத்தம் முந்நூறு துண்டு அடித்தோம்.
ஒட்ட உட்கார்ந்த அன்றுதான்
வாய்தாவுக்கு வந்த பக்கிரிசாமி
பெட்டி தூக்கி உதவியவர் என்கிற உரிமையில்
ஒன்றை எடுத்துப் புரட்டினார்.
நாற்பத்தேழில் விரல் நின்றது.
எழுத்துக் கூட்டி வடக்கே போனார்,
தெற்கே வந்தார்,
வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் இருந்தார்.

"பட்டாவுல இந்த மரம் இல்லம்மா."
"தெரியும்."
"இத கோர்ட்டு ஏத்துக்குமா?"
"ஏத்துக்காது."
"சரி, விக்குதா?"
"இல்ல."
சிரித்தார். ஆறு பிரதி கேட்டார்.
உருத்திராபதிக்கு ஒன்று,
வி.ஏ.ஓ.வுக்கு ஒன்று,
மீதி யாருக்கென்று சொல்லவில்லை.
தொள்ளாயிரம் ரூபாய்.
என் ஃபீஸில் அவர் வைத்திருந்த பாக்கியும்
ஏறக்குறைய அவ்வளவுதான்.
இரண்டையும் நான் கணக்கில் சேர்த்துப் பார்க்கவில்லை;
ஹபீபா பார்த்தாள்.

துண்டுகளை ஒட்டவில்லை.
ரப்பர் பேண்ட் போட்டு மேசையில் கிடக்கின்றன,
பின்பக்கம் வெள்ளையாய்.
இன்று காலை ஆறு மூன்றுக்கு
ஒன்றை உருவி எழுதினேன்:
அ.வ. 41, ஒன்பதாம் தேதி, சாட்சி விசாரணை.
கீழே இன்னும் இரண்டு விரல் இடம் இருந்தது.
குக்கருக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

தூக்கம் கலையாத
மேற்படி தண்ணீர்