நாற்காலியின் உயரம்

ஒற்றைப் பெட்டி ரயில் என்னை இறக்கிவிட்டு
வயல்களுக்குள் இருமிக்கொண்டே போனது.
ஓஸு. இரண்டே எழுத்து.
கொட்டாவி முடிவதற்குள் சொல்லிவிடலாம்.

நீர்க்காகங்கள் மீன்பிடிப்பதைப் பார்க்கத்தான் வந்தேன்.
படகுத்துறையில் இருந்த பெண்
இரண்டு கைகளையும் குறுக்காக வைத்துக் காட்டினாள்:
இன்றைக்கு இல்லை, மலையில் மழை.
ஹிஜிகாவா
பால் அதிகமாகிப்போன தேநீர் நிறத்தில் ஓடியது.
கூண்டுக்குள் நீர்க்காகங்கள்
திடீர் விடுமுறை கிடைத்த குமாஸ்தாக்களைப்போல
ஒன்றையொன்று பார்க்காமல் நின்றன.

சரி, கோட்டை.
ஏறினேன். பழைய புகைப்படங்களைப் பார்த்துத்
திருப்பிக் கட்டியதாம்.
என்னைவிட இளைய கோட்டை,
தூண்களில் இன்னும் மரவாசனை.
நான்காம் தளத்துச் சாளரத்தில் ஆறு தெரிந்தது,
ஊரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
எங்கோ அவசரமாகப் போகிற ஆள்போல.

இறங்கும்போது மழை வலுத்தது.
சிவப்பும் நீலமும் சுழலும் கம்பத்தைக் கண்டு
முடிவெட்டத் தேவையே இல்லாமல் ஒரு கடைக்குள் ஓடினேன்.

ஹியோதோ சானுக்கு நாற்பது வயதிருக்கும்.
என் மொழி எதுவென்று கேட்டுத்
தன் கைப்பேசியில் தட்டினார்.
அது செய்தி வாசிப்பவர் குரலில்
"தயைகூர்ந்து சிரத்தைத் தாழ்த்தவும்" என்றது.
சிரம்! சிரித்துவிட்டேன்.
என்ன நகைச்சுவை என்று புரியாமலே
அவரும் சிரித்தார்.

கண்ணாடிக்கு மேலே சுவரில்
பழுப்பாக ஒரு கோடு.
அதற்குக் கீழே சுவர் ஒரு வெள்ளை,
மேலே வேறொரு வெள்ளை.
நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.
கைப்பேசி சொன்னது:
"அந்த ஜூலையில் நதி எங்கள் கடைக்கு வருகை புரிந்தது."
மூலையில் கணக்குப் பாடம் எழுதிக்கொண்டிருந்த
மகள் கொனத்சு
தலை நிமிராமல் ஏதோ முணுமுணுத்தாள்.
அதையும் விடவில்லை கைப்பேசி:
"அது காலணிகளைக் கழற்றவில்லை."

கத்தரிகள் மாடி ஏறித் தப்பின.
துண்டுகள், ரசீதுப் புத்தகம், கடிகாரம்கூட.
நாற்காலி மட்டும் ஏறவில்லை,
தரையோடு முடுக்கியது.
இரண்டு நாள் அது ஆற்றில் உட்கார்ந்திருந்தது,
இப்போது நான் உட்கார்ந்திருப்பதுபோல.

கோடு என் உச்சிக்கு நான்கு விரல் மேலே.

அவர் மிதியை அழுத்தினார்.
உள்ளே எங்கோ மணல் நறநறத்தது,
நாற்காலி ஏறியது.
கோட்டைத் தாண்டி முதலில் என் முடி,
பிறகு நெற்றி, புருவம்,
ஈரமாகியிருந்த மூக்குக் கண்ணாடி.
மூக்கு வெளியே வந்ததும் காலை எடுத்தார்.
"இப்போது தாங்கள் சுவாசிக்கலாம்."

சுவாசித்தேன். உண்மையாகவே.

ஆனால் அவர் குள்ளம்.
அந்த உயரத்தில் என் தலை அவர் கைக்கு எட்டவில்லை.
மன்னிப்புக் கேட்பதுபோல் குனிந்து
நாற்காலியை மறுபடி இறக்கினார்.
முடிவெட்டு முழுவதும்
தண்ணீருக்குள்தான் நடந்தது.
காதோரம் கத்தரி,
ஆற்றடியில் கூழாங்கற்கள் உரசுவதுபோல.
கொனத்சு பென்சில் சீவினாள்.
வானொலியில் யாரோ பந்தை ஓங்கி அடிக்க
அரங்கம் இரைந்தது.

நாளை வெயில் வருமாம்,
படகு போகுமாம்,
நான் போகவேண்டியது காலை ஏழு பத்துக்கு.

மறுநாள் ரயில் ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது
எதிர் இருக்கையில் பள்ளிப் பையன்கள்
பேஸ்பால் பைகளை மடியில் வைத்துத் தூங்கினார்கள்.
கீழே, ஒன்றுமே செய்யாததுபோல் ஆறு,
மேலே மூடுபனி.
காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு வெட்டு எரிந்தது.
பையன்களின் தலைக்கு மேல், ஜன்னல் சட்டத்தில்,
இல்லாத ஒரு கோட்டைத் தேடிப் பார்த்துவிட்டு
இருக்கையில் கொஞ்சம்
நிமிர்ந்து உட்கார்ந்தேன்.