மின்வேலிக்குக் கீழால்

கரடியனாற்றில் இரவு இரண்டு மணி.
வெப்பமானி இருபத்தாறு புள்ளி நாலு.
எழுதுகிறேன்.
நேற்றும் இதைத்தான் எழுதினேன்,
ஒரு புள்ளி கூட்டியோ குறைத்தோ.
கச்சான் காற்று விழுந்து மூன்று மணித்தியாலம்.
மண் இன்னும் பகலை விடவில்லை,
வாங்கிய கடனைக் கையில் வைத்துக்கொண்டே
இல்லை என்கிறவன் மாதிரி.

கிழங்கு பகல் சூட்டை எப்படியோ தாங்கும்.
இரவுச் சூடுதான் அதற்கு ஒண்ணாது.
என்னைவிடப் பத்து வயது குறைந்த கலாநிதி சுகிர்தா
வந்தாறுமூலை பஸ் வராத அரைமணி நேரத்தில்
டிக்கட் துண்டின் பின்பக்கத்தில் கீறிக் காட்டினார்:
இலை ஒரு சேதி அனுப்பும்.
தண்டு வழியே அது இறங்கும்.
மண்ணுக்குள் நீண்டுபோகும் நுனிக்கு அது கிடைத்தால்
நீள்வதை நிறுத்திப் பருக்கத் தொடங்கும்.
சூடான இரவில்
ஒரு துளி ஆர்.என்.ஏ. இடையில் புகுந்து
சேதியைக் கிழித்துவிடும்.
நுனி காத்துக் கிடக்கும், மறுகா
மேலே வந்து
இன்னொரு கிளையாகி வெயில் காயும்.

டிக்கட் துண்டை நான் எறியவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு வரிசை வைத்தோம்.
தாய், வெலிமடையில் நன்றாய் விளைகிற இனம்.
தகப்பன், எங்கோ ஒரு மலைச்சரிவின் காட்டுச்செடி;
கிழங்கு போளையளவு, வாயில் வைக்க ஏலாத கசப்பு.
மாப்பிள்ளை கொண்டுவந்த சீதனம்
ஒரேயொரு மரபணு.
கசப்பையும் சேர்த்துக் கொண்டுவந்தாரா என்பது
அவித்துத் தின்னும்போதுதான் தெரியும்.

செடியெல்லாம் செழித்தது. அதுதான் பயம்.
முழங்காலுக்கு மேல் பச்சை,
சுரண்டிப் பார்த்தால் வேரும் மண்ணும்.
சைக்கிளில் போனவர்கள்
"என்ன மச்சான், கீரைத்தோட்டமா?" என்றார்கள்.

றுஸ்னா ஏறாவூரிலிருந்து ஐஸ்பெட்டியோடு வருவாள்.
ஒவ்வொரு வரிசையிலும் ஓர் இலைத்துண்டு.
கரண்ட் நிற்காத நாளில்
ஜெல்லில் கோடுகள் ஒளிரும்.
தொண்ணூற்றாறு வரிசையில் கோடு இருந்தது.
"மரபணு இருக்கு, சேர்" என்றாள்.
மரபணு இருக்கு. கிழங்கு?

எழுபத்தோராம் நாள் விடியப்புறம்
காவல்கார நல்லரெத்தினம் போன் எடுத்தார்.
"யானையில்ல. யானைக்குப் போட்ட வேலிக்குக் கீழால
முள்ளம்பன்றி பூந்திட்டு."

போனோம்.
முழுத்தோட்டத்திலும் மூன்றே மூன்று இடத்தில் குழி.
எண்பத்தெட்டு.
நூற்று முப்பத்தொன்று.
நூற்றுத் தொண்ணூறு.
மற்ற வரிசைகளில் மூக்கை வைத்துப் பார்த்த தடம்,
ஒரு கீறல், அவ்வளவுதான்.
சுகிர்தா தலையில் கைவைத்து வரம்பில் குந்தினார்.
கொஞ்ச நேரத்தில் அவர் தோள் குலுங்கியது;
அழுகிறார் என்று நினைத்து நான் அங்கால் பார்த்தேன்.
சிரிக்கிறார்.
"ஒரு இரவில இருநூற்றுப் பன்னிரண்டையும்
பாத்து முடிச்சிட்டுதே!"

றுஸ்னா பட்டியலை விரித்தாள்.
எண்பத்தெட்டில் கோடு இருக்கிறது.
நூற்று முப்பத்தொன்றிலும்.
நூற்றுத் தொண்ணூறில் இல்லை.
இரண்டு முறை ஜெல் ஓட்டியும் இல்லை.
ஆனால் குழியின் ஓரத்தில்
பல் பதிந்த பாதிக் கிழங்கு,
அதற்கும் கீழே, மிருகம் காணாமல் விட்டது,
கோழிமுட்டையிலும் சிறியது ஒன்று.
முப்பத்தொரு கிராம்.
எந்தச் சேதியை வாசித்து இது பருத்தது?
யாரும் பேசவில்லை.
தோட்டத்துக்கு அப்பால் மயில் ஒன்று கத்தியது.

படிவத்தில் ஒரு நிரல், "தெரிவு செய்தவர்".
அதை வெறுமையாய் விட்டிருக்கிறேன்.
கீழே, "அழிவுக்கான காரணம்".
அங்கும் அதே மிருகம்தான் வரவேண்டும்.

கிழங்கைக் கடதாசிப் பையில் போட்டு
இலக்கம் எழுதி அலுமாரியில் வைத்தோம்.
குளிரூட்டி பழுதாகி இன்றைக்கு ஆறு நாள்.
அலுமாரிக்குள் இருபத்தெட்டு பாகை.
முளைக்கும் என்கிறாள் றுஸ்னா.
அழுகும் என்கிறேன் நான்.
இரண்டு மணிக்கு வெப்பமானி பார்க்கப் போகிற வழியில்
கதவைத் திறந்து
பையை ஒருக்கால் மணந்து பார்க்கிறேன்.