காலியை விடக் காலி

ஐப்பசி, இரவு இரண்டே கால்.
டில்லிபாபு போனில் கத்துகிறார்:
"மேடம், மூணாவது மோட்டார் தானா நின்னுடுச்சு.
இப்ப இடுப்பளவு."
பின்னால் கேட்பது மழையா, லாரியா,
வியாசர்பாடி சுரங்கப்பாதை
வாய்வைத்துக் குடிக்கிற சத்தமா, தெரியவில்லை.

"கையால போடுங்க."
"போட்டாச்சு. எப்படி நின்னுச்சு?
அதச் சொல்லுங்க."

வேளச்சேரி, இரண்டாம் மாடி.
கீழே என் ஸ்கூட்டி நீச்சல் பழகுகிறது.
இன்வர்ட்டரில் இன்னும் ஒரு மணி நேர வெளிச்சம்.
மடிக்கணினியைத் திறக்கிறேன்.

நான் எழுதியதுதான்.
இரண்டாயிரத்துச் சொச்சம் வரி, சி மொழியில்.
நீர்மட்டக் கம்பிகள் பேசும்,
ஓர் இழை உட்கார்ந்து கேட்கும்,
கேட்டதை வரிசையில் வைத்து ஒரு மணி அடிக்கும்.
வரிசை என்பது அறுபத்துநான்கு இருக்கை கொண்ட வட்டம்,
கடைசிக்கு அடுத்தது முதல்.
வேலைக்கார இழைகள் நான்கு.
வேலை இல்லையென்றால் தூங்கும்,
நிஜமான தூக்கம்:
பூட்டைக் கையிலிருந்து நழுவவிட்டு,
செயலியைத் தொடாமல்.
மணி கேட்டால் எழுந்து பூட்டை வாங்கி
செய்தியை எடுத்துக்கொண்டு ஓடும்.
அழகாகத்தான் இருந்தது.
போன மாதம் கிண்டியில் டீ குடிக்கும்போது
ஜெபராணியிடம் பீற்றிக்கொள்ளக்கூடச் செய்தேன்.

பதிவுகளைக் கிளறுகிறேன்.
இரண்டு மணி நான்கு நிமிடம் பதினொரு வினாடி.
ஐந்தாம் கம்பி: தண்ணீர் ஏறுகிறது.
மணி அடித்தது நான்காம் இழைக்கு.
அது கண்ணைக் கசக்கிக்கொண்டு பூட்டை எட்டுவதற்குள்
வேறெங்கோ வேலை முடித்து
அப்போதுதான் திரும்பிய இரண்டாம் இழை
செய்தியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.
அதன் மேல் தப்பில்லை.
வரிசையில் இருந்தது, எடுத்தது.

நான்காவது வருகிறது. வரிசை காலி.
அது பார்க்கவில்லை.
பார்க்கச் சொல்லி நான் எழுதவில்லை.
காலி என்றால் தூங்கு என்று மட்டும் எழுதியிருந்தேன்.
தூங்கினாய், எழுப்பினார்கள்,
அப்படியானால் ஏதோ இருக்கிறது, எடு.

எடுத்தது.
சி மொழியில் யாரும் துடைத்து வைப்பதில்லை.
பேருந்தில் இறங்கிப்போனவரின் சூடு
இருக்கையில் மிச்சமிருப்பதுபோல
போன சுற்றின் செய்தி அங்கேயே கிடந்தது:
செவ்வாய் மாலை. மழை விட்டது.
மூன்றை நிறுத்து.

நிறுத்திவிட்டது, கீழ்ப்படிதலோடு.
வரிசையின் எண்ணிக்கை அதன்பின்
கழித்தல் ஒன்று.
காலியை விடக் காலி.

குறிப்பேட்டில் நான் தமிழில்தான் எழுதுவேன்.
இஃப், என்று எழுதிப் பார்க்கிறேன்.
நடுவில் அந்த மூன்று புள்ளி
தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால் தெரிகிற
மூன்று மோட்டார் மாதிரியே இருக்கிறது.
அடித்துவிட்டு வைல் என்று எழுதுகிறேன்.
எழுந்த ஒவ்வொரு முறையும் மறுபடி பார்.
காலியா, வெட்கப்படாமல் திரும்பப் படு.

இந்த வாரம் மூன்று இரவு
போன் அடிக்காமலே அடித்ததென்று எழுந்திருக்கிறேன்.
திரையைத் திருப்பி, ஒன்றுமில்லை என்று கண்டு,
தலையணையைப் புரட்டிப் போட்டுப் படுத்திருக்கிறேன்.
உடம்புக்குத் தெரிந்திருக்கிறது.
விரலுக்குத்தான் தெரியவில்லை.

அனுப்பிவிட்டேன்.
பம்ப் அறைப் பெட்டி மெதுவாக, மிக மெதுவாக
வாங்கிக்கொள்கிறது. தொண்ணூறு சதவீதத்தில்
ஒரு யுகம் நிற்கிறது.

"என்ன மேடம் ஆச்சு?"
"ஒரு சொல் தப்பா போட்டுட்டேன்."
மழை மட்டும் பேசுகிறது கொஞ்ச நேரம்.
"ஒரு சொல்லுக்கா
என் செருப்பு ரெண்டும் அடிச்சிட்டுப் போச்சு?"

சிரிக்கலாமா என்று தெரியவில்லை.
"இனிமே நிக்காதில்ல?"

நிக்காது என்று சொல்ல வாயெடுத்து
ஒருமுறை உள்ளே பார்க்கிறேன்.
"இந்தக் காரணத்தால நிக்காது."

"சரி," என்கிறார்.
எதையோ இழுத்துப் போடும் ஓசை, பிளாஸ்டிக் நாற்காலி.
"நான் சுவிட்ச் பக்கத்துலயே உக்காந்துக்கறேன்."