கரண்டிக்கு எத்தனை

கிளியூர் ஓடை ஓட்டத்தை நிறுத்திப் பதினோரு நாள்.
பாறைக் குழிகளில் மட்டும்
தண்ணீர் தங்கியிருக்கிறது,
கடைசி பஸ்ஸை விட்டவர்கள் மாதிரி.

என் நிழல் விழுந்தால் அடிக்குப் போய்விடும்.
அதனால் வெயிலுக்கு முகம் காட்டி
வெள்ளைக் கரண்டியைச் சாய்த்து
தண்ணீர் தானாக உள்ளே வழியும்வரை
மூச்சைப் பிடித்திருக்கிறேன்.

சாக்கடைப் புழு தலைகீழாகத் தொங்கும்,
வாலில் ஒரு குழாய், அதுதான் அதற்கு மூக்கு.
இது அப்படியில்லை.
நீர்த்தோலுக்கு அடியில் படுக்கைவாக்கில் கிடக்கும்.
சாப்பிடும்போது மட்டும்
தலையை முழுசாகத் திருப்பிக்கொள்ளும்.
முதுகும் மேலே, வாயும் மேலே.
பாசித் துகள், காப்பிப் பூவின் மகரந்தம்,
மிதப்பது எதையும் விடாது.

முதல் குழி, கரண்டிக்கு நாலு.
இரண்டாவதில் ஏழு,
அதில் ஒன்று கூட்டுப்புழு,
காற்புள்ளியாய்ச் சுருண்டது,
நாளை சாயங்காலம் பறந்துவிடும்.
மூன்றாவது, இருப்பதிலேயே பெரிசு.
தெளிந்த தண்ணீர், ஓரத்தில் பாசி,
எல்லா வசதியும் இருந்து ஒன்றுகூட இல்லை.
பத்துத் தடவை முக்கினேன்.
பதினோராவதில் ஏறி வந்தது தட்டான் குஞ்சு,
சேற்று நிறம்,
தாடையை மடித்து வைத்துக்கொண்டு
ஒன்றும் தெரியாத முகத்தோடு.

படிவத்தில் பூஜ்யம் எழுதினேன்.
ஏன் பூஜ்யம் என்பதற்குக் கட்டம் இல்லை.

கசியும் சேற்றில் ஒரு மாட்டுக் குளம்புத் தடம்.
கரண்டி நுழையாது, இங்க் பில்லரால் உறிஞ்சினேன்.
முப்பத்திரண்டு!
போன வாரம் பிறந்த குளம்,
தட்டானுக்கு இன்னும் விலாசம் தெரியவில்லை.

பூங்காவேரி குடத்தை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டாள்:
"இதுங்கதான் எங்க வூட்டுக்காரருக்குக் காய்ச்சல் குடுத்துச்சா?"

இதுகளிடம் காய்ச்சல் கிடையாது.
முட்டையில் கிடையாது,
இறக்கை முளைக்கும் அன்றும் கிடையாது.
மங்களூரில் மாடி கட்டப் போன சின்னராயன்
ரத்தத்தில் வைத்துக் கொண்டுவந்தது அது.
இதில் ஒன்று ஒரு ராத்திரி அவனைக் குடித்து
பத்துப் பன்னிரண்டு நாள் சாகாமலும் இருந்தால்,
அப்புறம் அவள் பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளை...

"இன்னும் இல்லக்கா" என்றேன்.
என்ன பதில் இது.

அவள் தடத்தின் மேல் குனிந்தாள்.
நிழல் விழுந்ததும்
மிச்சமிருந்தவை அடியில் ஒட்டிக்கொண்டன.

"மருந்து ஊத்துவீங்களா? மாடு குடிக்குமே."

மூன்றாவது குழியைத் தொடவில்லை.
குளம்புத் தடத்தில் மண் தள்ளி
செருப்புக் காலால் மிதித்து மிதித்துத் தூர்த்தேன்.
மேடேறித் திரும்பிப் பார்த்தபோது
என் குதிகால் பதிந்த இடத்தில்
தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.