அடிக்கணக்கு

காலை ஆறு மணிக்கு அளவுகோலைப் பார்த்து
நோட்டில் எழுத வேண்டும்.
மேலூர்ப் பிரிவு, கடைமடை மதகு, லஸ்கர்.
மின்னல் விழுந்து வீட்டுக்காரர் செத்த வேலை
வாரிசு என்று எனக்கு வந்தது.

வாய்க்கால் காய்ந்த நாளிலும் எழுத வேண்டும்.
'தண்ணி இல்லை' என்று எழுதக் கூடாது,
பூஜ்யம் போடு என்பார் ஏ.ஈ.
ஒரு வருஷம் எட்டு மாதம் பூஜ்யமே போட்டேன்.
ஒரு நாள் முட்டை மாதிரி, ஒரு நாள் வளையல் மாதிரி,
ஒரு நாள் கொட்டாவி விடும் வாய் மாதிரி.

மலைக்கு அந்தப் பக்கம் அணையில் எத்தனை அடி என்று
பேப்பர் பார்த்துத்தான் ஊர் நாற்றுப் பாவும்.
நூற்று ஐம்பத்திரண்டு என்றிருந்தது.
பயந்துபோய் நூற்று முப்பத்தாறாக்கினார்கள்.
கோர்ட்டுக்குக் கோர்ட் ஏறி நூற்று நாற்பத்திரண்டு.
ஆறு அடி ஏற முப்பத்தைந்து வருஷம்!
அந்த வேகத்தில் வளர்ந்திருந்தால்
என் வீட்டு முருங்கை இன்னும் விதைக்குள் இருக்கும்.

பத்திரம் வெள்ளைக்காரன் காலத்தது.
தாது வருஷப் பஞ்சத்தில் இந்தப் பக்கம்
பிணம் எடுக்க ஆளில்லாமல் போய்
பத்து வருஷம் ஆறவிட்டு,
கடலுக்கு அப்பால் இருந்த துரைக்காக ஒருத்தன்,
மகாராஜாவுக்காக ஒருத்தன்
கையெழுத்துப் போட்டார்கள்.
ஏக்கருக்கு அஞ்சு ரூபாய்.
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வருஷம்.
ஆயிரம் என்று சொல்லக் கூசியிருக்கும்,
ஜவுளிக்கடைக்காரன் மாதிரி ஒன்றைக் குறைத்தார்கள்.
காட்டுக் காய்ச்சலில் செத்துச்
சுண்ணாம்பில் கலந்தவர்கள் பேர் அதில் இல்லை.
எங்களுக்குச் சோறு வந்தது,
அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.
எழுதியவர்கள் கப்பலேறிவிட்டார்கள்.
அந்த மை மட்டும் இன்னும் கையில் ஒட்டுகிறது.

அந்த வருஷக் கார்த்திகையில்
தங்கை பஞ்சவர்ணம் மலையிறங்கி வந்தாள்.
பதினேழு வருஷம் ஏலத்தோட்டம்.
மூட்டை முடிச்சு இல்லை,
விரலில் மட்டும் பச்சைக்காய் வாசம்.
"எத்தனை அடி?" என்று கேட்டுவிட்டேன்.
வேலைப் பழக்கம், வாய் தவறிவிட்டது.
அவள் திரும்பி முதுகைக் காட்டினாள்.

அன்றைக்கே மேலூர் பஸ் ஸ்டாண்டில்
நம் பையன்கள் ஒரு டீக்கடையின் பாய்லரைச் சாய்த்தார்கள்.
மாஸ்டர் ஒற்றப்பாலத்துக்காரர்.
வீட்டுக்காரர் பதினாறாம் நாளுக்கு
பால் காசு வாங்காதவர்.
நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

பஞ்சவர்ணத்தை மிளகு மூட்டைக்குப் பின்னால்
இரண்டு ராத்திரி ஒளித்துவைத்தவள் ஏலியாம்மா.
வண்டிப்பெரியாற்றில் கரையை ஒட்டி அவள் வீடு.
அணைக்கு ஏதாவது என்றால்
முதலில் போகிற வீடு.

மழை பிடித்தால் இன்றைக்கும் போன் வரும்.
"வெள்ளம் எத்ரயாயி, பஞ்சவர்ணம்?"
அவர்கள் டிவி ஒன்று சொல்லும், எங்கள் டிவி ஒன்று சொல்லும்.
இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துத்
தூங்கப் பார்ப்பாள்.
அவள் பாஷையில் தண்ணிக்கே வெள்ளம் என்றுதான் பேர்,
தாகத்துக்கு ஒரு டம்ளர் கேட்டாலும்.
நாங்கள் வெள்ளத்தைப் பார்த்து
தண்ணி வந்துருச்சு என்று குலவை போடுகிறவர்கள்.

நேற்று ராத்திரி வந்தது.
முதலில் நுரை, பிறகு ஒற்றைச் செருப்பு,
தெர்மாகோல், செத்த ஓணான்,
அப்புறம்தான் தண்ணீர்.
ஆட்கள் டார்ச்சோடு கரையில் ஓடினார்கள்.
பஞ்சவர்ணம் கடைசிவரை
அதில் கால் நனைக்கவில்லை.

காலையில் எழுதினேன்: ஒன்றரை அடி.
பக்கத்தில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி உண்டு,
யாரும் அதை நிரப்புவதில்லை.
நிரப்பினேன்:
'வண்டிப்பெரியாற்றில் மழை.
ஏலியாம்மா தூங்கவில்லை.'

மத்தியானம் நோட்டு திரும்பி வந்தது.
ஏ.ஈ. சிவப்பு மையில் சுழித்து
ஓரத்தில் எழுதியிருந்தார்:
சம்பந்தமில்லாதது.